மனநல மருந்தும் உடம்பின் அசைவும்: திருகோணமலைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நான் திருகோணமலையில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். முழங்கால் நோவு, பக்கவாதம், முச்சக்கர வண்டி விபத்து என்று வருகிறவர்களுக்கு நடுவே இன்னொரு கூட்டமும் என் வாசலுக்கு வரும். மகனையோ தங்கச்சியையோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "மிஸ், இவனுக்கு மனநலக் கிளினிக்கில மருந்து போகுது. இப்ப நடை சரியில்ல, நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான்" என்பார்கள். பலர் அதோடு ஒரு சொல்லையும் சேர்ப்பார்கள்: சோம்பல். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். பெரும்பாலும் அது சோம்பல் இல்லை. மருந்து உடம்பின் அசைவைப் பிடித்திருக்கிறது. அப்படி ஒன்று நடக்கும் என்று வீட்டாருக்குத் தெரிந்திருக்காது.

நான் மனநல வைத்தியர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை இல்லை. ஆனால் அசைவைப் பார்ப்பது என் வேலை. இங்கே உள்ளவை வருகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்தான். நேரில் சொன்ன மாதிரியே பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

இந்தக் குளிசை மூளைக்குள் போய் என்னதான் செய்கிறது?

மூளையில் ஒரு நரம்புக் கலம் அடுத்த கலத்தைத் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் மிகச் சின்ன இடைவெளி உண்டு. கிண்ணியாவில் 2009இல் பாலம் திறப்பதற்கு முன்னர் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறி அக்கரை போன நாட்கள் ஞாபகம் உள்ளவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். இக்கரையில் செய்தி ஏறும். அக்கரையில் இறங்குதுறை இருக்கும். துறையில் கட்டி, செய்தியை இறக்கினால்தான் அக்கரைக் கலம் வேலை செய்யும். செய்தியைச் சுமந்து வரும் இரசாயனங்களுக்கு டோபமின், செரட்டோனின், காபா என்று பெயர்கள் உண்டு. இறங்குதுறையின் பெயர் ஏற்பி.

இல்லாத குரல் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்ற நிலையில், மூளையின் ஒரு பகுதியில் டோபமின் அளவுக்கு மீறி வந்து இறங்குகிறது. ஹலோபெரிடோல், றிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்ற மருந்துகள் அந்தத் துறையில் தாங்கள் போய்க் கட்டிக்கொள்கின்றன. அவை எந்தச் செய்தியையும் இறக்குவதில்லை, இடத்தைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். டோபமின் வந்தாலும் கட்ட இடம் இருக்காது. நாட்கள் போகப் போகக் குரல்களின் சத்தம் குறையும்.

மனச்சோர்வுக்குத் தரும் புளூவொக்ஸெட்டின், செர்ட்ரலின் வேறு மாதிரி. வந்து இறங்கிய செரட்டோனினை அனுப்பிய கலமே திரும்ப இழுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தத் திரும்பும் பயணத்தை இவை மறிக்கின்றன. பதற்றத்துக்குத் தரும் டயசிபாம் போன்றவை காபா கொண்டுவரும் "அடங்கு" என்ற செய்தியைப் பலப்படுத்துகின்றன.

மனதுக்குத்தானே மருந்து? அது ஏன் கை காலைப் பிடிக்கிறது?

டோபமின் மூளையில் ஒரே இடத்துக்கு மட்டும் போவதில்லை. உணர்ச்சியும் பயமும் உள்ள பகுதிக்கு ஒரு தடம். திட்டம் போடவும் ஆர்வம் வரவும் உதவும் முன்மூளைக்கு ஒரு தடம். உடம்பின் அசைவை ஒழுங்குபடுத்தும் உட்பகுதிக்கு ஒரு தடம். பால் சுரப்பைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரிச் சுரப்பிக்கு இன்னொன்று. வைத்தியருக்குத் தேவை முதல் தடத்தைக் கொஞ்சம் மறிப்பது. ஆனால் குளிசைக்கு விலாசம் தெரியாது, எல்லாத் துறையிலும் போய்க் கட்டும். அதனால்தான் கை நடுங்குகிறது. அதனால்தான் சில பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகிறது, பிள்ளை பெறாதவருக்கும் மார்பில் பால் வருகிறது. பால் வந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வைத்தியரிடம் சொன்னால் மருந்தை மாற்ற இடமுண்டு.

இதில் நம் நாட்டு வைத்தியத்தோடு தொடர்புள்ள ஒரு கதை இருக்கிறது. சர்ப்பகந்தா என்ற மூலிகை வேரை இந்தப் பக்கத்து வைத்தியர்கள் சித்தக் கலக்கத்துக்கு நெடுங்காலம் கொடுத்து வந்தார்கள். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சன் 1957இல் அதை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். மூளையில் டோபமின் வற்றி, முயல்கள் அசையாமல் கிடந்தன. மூளைக்குள் போய் டோபமினாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்ததும் எழுந்து நடமாடின. டோபமின் இல்லாவிட்டால் அசைவு இல்லை என்று உலகத்துக்குக் காட்டியது அந்தச் சோதனைதான். 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கட்டிலில் அசையாமல் கிடக்கும் மகனைப் பார்த்து "சோம்பேறி" என்று சொல்ல வாய் எடுக்கும் அப்பாமாருக்கு இந்த முயல்களின் கதையைத்தான் நான் சொல்கிறேன்.

அளவும் முக்கியம். மூளையைப் படம் பிடித்துச் செய்த ஆய்வுகளில், டோபமின் துறைகளில் ஏறத்தாழ 65 சதவீதம் மறிக்கப்பட்டால் மருந்து பலன் தரத் தொடங்குகிறது, 80 சதவீதத்தை நெருங்கும்போது விறைப்பும் நடுக்கமும் பெருகுகின்றன என்று கண்டார்கள். நடுவில் உள்ள இடம் குறுகியது. ஒரே மில்லிகிராம் ஒருவருக்குப் போதாது, இன்னொருவருக்கு அதிகம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வைத்தியருக்கு உங்கள் கண் வேண்டும்.

என்னென்ன அசைவுக் கோளாறு வரலாம்? எப்போது வரும்?

நான்கு வகை. வரும் காலத்தை வைத்தே பாதி அடையாளம் கண்டுவிடலாம்.

முதலாவது, திடீர் இழுப்பு. மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய முதல் சில நாட்களுக்குள், சில வேளை சில மணி நேரத்துக்குள் வரும். இளம் வயது ஆண்களுக்கு அதிகம். கழுத்து ஒரு பக்கம் முறுகும், கண் மேலே செருகும், தாடை பூட்டிக்கொள்ளும், நாக்குத் தடிக்கும். பேய் பிடித்தது என்று பயந்து ஓடியவர்களும் உண்டு.

நானே ஒருமுறை இதில் தவறினேன். வேலைக்கு வந்த புதிதில், இருபது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவனை அவனுடைய அம்மா கூட்டிவந்தா. கழுத்து இடப்பக்கம் திரும்பி அப்படியே நின்றது. "தலகாணி மாறிப்போச்சு மிஸ்" என்றா. நானும் சூடு கொடுத்து, மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். தசை கல்லாகவே இருந்தது. பையன் ஏதோ சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தான், தாடை திறக்கவில்லை. அந்த வழியாகப் போன மூத்த தாதி ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: "நேத்து ஊசி போட்டதா?" போட்டிருந்தது. உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். அங்கே இன்னொரு ஊசி. அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகி, அவன் தண்ணீர் கேட்டான். அன்றிலிருந்து எந்த நோவோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதைத்தான். (வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைட்டும் இதே இழுப்பைக் கொண்டுவரும். அதுவும் டோபமின் துறையில் கட்டுவதுதான்.)

இரண்டாவது, இருப்புக் கொள்ளாமை. சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வரும். ஆளால் ஓரிடத்தில் இருக்க முடியாது. கால் மாற்றிக் கால் வைப்பார், விறாந்தையில் மேலும் கீழுமாக நடப்பார். கேட்டால் "உள்ளுக்க ஏதோ அரிக்குது" என்பார். இந்த நான்கில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பார்ப்பவர்களுக்கு நோய் கூடிவிட்டது போல் தோன்றும். அப்படியே கிளினிக்கில் சொன்னால் மருந்து கூடும். மருந்து கூடினால் இதுவும் கூடும். தாங்க முடியாமல் உயிரை மாய்க்க நினைப்பவர்களும் உண்டு. ஆகவே "குழப்படி செய்கிறான்" என்று சொல்லாதீர்கள். "மருந்து மாற்றிய பிறகு ஒரு இடத்தில் இருக்க முடியாமல் இருக்கிறார்" என்று சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், படபடப்பைத் தணிக்கும் புரப்பிரனலோல் குளிசை சேர்க்கலாம். வழி இருக்கிறது.

மூன்றாவது, பார்க்கின்சன் நோய் போன்ற விறைப்பு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வரும். நடக்கும்போது கை வீசாது. அடி சிறிதாகும். முகத்தில் சிரிப்பும் கோபமும் தெரியாது. உமிழ்நீர் கடைவாயில் நிற்கும். மெல்ல வருவதால் வீட்டில் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். கையெழுத்தைப் பாருங்கள். பழைய வங்கிப் புத்தகத்தில் உள்ள கையொப்பத்தையும் இன்று போடச் சொன்னதையும் பக்கத்தில் வையுங்கள். எழுத்துச் சுருங்கி, போகப் போகச் சின்னதாகியிருந்தால் அதுவே சாட்சி. ஜேர்மன் வைத்தியர் ஒருவர் முன்னர் இதையே அளவுகோலாக வைத்து, கையெழுத்துச் சுருங்கும் அளவுதான் மருந்து வேலை செய்யத் தொடங்கும் அளவு என்று சொன்னார். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான குளோர்ப்புரோமசின் 1952இல் பாரிஸ் நகரில் புழக்கத்துக்கு வந்த பின்னர் பல ஆண்டுகள், விறைப்பு வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்றே பலர் நம்பினார்கள். இன்று அப்படி இல்லை. விறைக்காமலும் குரல்களை அடக்கலாம்.

நான்காவதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அம்மா வாயை மென்றுகொண்டே இருக்கிறா, நாக்கைச் சுழற்றுகிறா. வெற்றிலை போடுவதில்லை. இது என்ன?

இதுதான் அந்த நான்காவது. டோபமின் துறைகள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மறிக்கப்பட்டுக் கிடந்தால், அக்கரைக் கலம் தன் பக்கத்தில் மாற்றம் செய்துகொள்கிறது. கிடைக்கிற கொஞ்ச டோபமினுக்கே அதிகமாகத் துள்ளத் தொடங்குகிறது. அதன் வெளித்தோற்றம் இந்த மெல்லுதல், உதடு சப்புதல், விரல்கள் பியானோ வாசிப்பது போல் அசைதல். பழைய மருந்துகளில், ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பேரில் 5 பேருக்கு இது புதிதாக வருகிறது. வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். புதிய மருந்துகளில் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

பலருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. பேசாமல் இருக்கும்போது நாக்கைக் கவனியுங்கள். கிளினிக்கில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் அது தெரியாமல் போகலாம். ஆகவே வீட்டில் ஒரு நிமிடம் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். முந்திக் கண்டால் திரும்பும் வாய்ப்பு அதிகம். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அசைவு முதலில் கூடத்தான் செய்யும். அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். குளோசபின் என்ற மருந்துக்கு (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) மாற்றினால் சிலருக்குக் குறைகிறது. இதற்கென்றே வல்பெனசின், டியூட்டெட்ராபெனசின் என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தது.

நடுக்கத்துக்குத் தரும் பென்ஸ்ஹெக்ஸோல் குளிசையைக் காலம் முழுக்கப் போட வேண்டுமா?

அப்படி ஒரு விதி இல்லை. அசைவுப் பகுதியில் டோபமினும் அசிட்டைல்கோலினும் தராசின் இரண்டு தட்டுப் போல. டோபமின் தட்டின் பாரத்தை மருந்து குறைத்துவிடுகிறது. மறு தட்டிலும் கொஞ்சம் எடுத்துச் சமப்படுத்துவதுதான் பென்ஸ்ஹெக்ஸோல் செய்வது. விறைப்புக்கும் திடீர் இழுப்புக்கும் நன்றாக உதவும். இருப்புக் கொள்ளாமைக்குப் பெரிதாக உதவாது. வாய் மெல்லும் கோளாறை அது கூட்டவும் கூடும்.

அதற்கும் விலை உண்டு: வாய் உலரும், மலம் இறுகும், சலம் போகச் சிரமம், பார்வை மங்கும், ஞாபகம் தடுமாறும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் பொருட்களை வைத்த இடம் மறந்து, இரவில் ஆளே மாறிக் கதைக்கிறார் என்றால் இந்தக் குளிசையையும் சந்தேகப்பட வேண்டும். "இது இன்னும் தேவையா?" என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கேளுங்கள். கேட்டால் எந்த வைத்தியரும் கோபிக்கப் போவதில்லை.

லிதியம் எடுக்கிறார். கை நடுங்குகிறது. பயப்பட வேண்டுமா?

மெல்லிய நடுக்கம், தேத்தண்ணீர்க் கோப்பை கொஞ்சம் தளும்புகிற அளவு, பலருக்கு வரும். வைத்தியரிடம் சொல்லுங்கள், அவசரம் இல்லை. ஆனால் நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, வாந்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து, சொல் குழறினால், அது லிதியம் நஞ்சாகும் அடையாளம். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குவதைக் கட்டுப்படுத்தத் தரும் லிதியம், உப்புப் போன்ற ஒரு பொருள். இரத்தத்தில் அது லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பதே வழமையான இலக்கு. 1.5 தாண்டினால் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே தூரம் குறைவு. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லிதியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். நிலாவெளிக் கரையில் காலை முழுக்க வலை இழுத்து வேர்த்தவர், வயிற்றோட்டம் வந்தவர், திடீரென்று உப்பை முழுதாக நிறுத்தியவர், எல்லாருக்கும் அளவு ஏறலாம். உடம்பு நோவுக்குப் பார்மசியில் சும்மா வாங்கிப் போடும் டைக்குளோபெனாக், இபுபுரோபென் இரண்டும் அதை ஏற்றும். பரசிட்டமோல் போடலாம்.

மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. றமழான் நோன்பு பிடிக்க நினைத்தால், மாதம் பிறக்கும் முன்னரே கிளினிக்கில் சொல்லுங்கள். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது லிதியத்தோடு விளையாடும் விஷயம். நேரத்தை மாற்றலாமா, இரத்தம் சோதிக்க வேண்டுமா, இந்த வருடம் நோன்பை விடுவதா என்று வைத்தியரோடு கதைத்து முடிவெடுக்க வேண்டும்.

மனச்சோர்வுக் குளிசை தொடங்கி ஒரு வாரம். ஒன்றும் நடக்கவில்லையே?

செரட்டோனின் சில மணி நேரத்திலேயே கூடிவிடுகிறது. ஆனால் மனம் தெளிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதிலிருந்தே ஒன்று தெரிகிறது: வெறுமனே குறைந்ததை நிரப்பும் வேலை இல்லை இது. கலங்கள் தங்களுக்குள் இணைப்பை மாற்றிப் பழக நாள் எடுக்கிறது. "செரட்டோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு" என்று எளிமையாகச் சொல்வது வழக்கம். அது முழுச் சரி இல்லை.

முதல் வாரங்களில் குமட்டல், பதற்றம், மெல்லிய நடுக்கம் வரலாம். இளம் வயதினரைத் தொடக்க நாட்களில் தனியே விட வேண்டாம். வயதானவர் சோர்ந்து தடுமாறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம், சோதிக்கச் சொல்லுங்கள். சுகம் வந்ததும் ஒரே நாளில் நிறுத்தினால் தலைச்சுற்றும், மின்சாரம் தட்டுவது போன்ற அதிர்வும் வரும். படிப்படியாகக் குறைப்பது அதனால்தான்.

குளோசபினுக்கு ஏன் இத்தனை தடவை இரத்தம் எடுக்கிறார்கள்?

மற்ற மருந்துகள் கைகொடுக்காத இடத்தில் கைகொடுப்பது குளோசபின். டோபமின் துறையில் இறுகக் கட்டாமல் தளர்வாக நிற்பதால் விறைப்பும் நடுக்கமும் மிகக் குறைவு. ஆனால் சிலருக்கு வெள்ளைக் குருதிக் கலங்களைக் கொன்றுவிடும். 1975இல் பின்லாந்தில் அதனால் சாவுகள் நேர்ந்தன, பல நாடுகளில் மருந்தே நின்றுபோனது. இரத்தப் பரிசோதனை என்ற வேலியோடுதான் அது திரும்பி வந்தது. முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை பார்ப்பதுதான் பல நாடுகளில் உள்ள வழமை. தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால், தடிமன் என்று விடாமல் அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும்.

இரண்டு விஷயம் வீட்டார் கவனிக்க வேண்டியவை. ஒன்று மலச்சிக்கல். குளோசபினில் அது சாதாரணம் இல்லை, குடல் அடைத்து உயிர் போனவர்களும் உண்டு. மற்றது புகை. பீடி, சிகரெட் புகை ஈரலில் இந்த மருந்தை வேகமாகக் கரைக்க வைக்கிறது. ஆள் புகையை நிறுத்தினால் மருந்தின் அளவு இரத்தத்தில் சில நாட்களிலேயே ஏறிவிடும். நிறுத்துவது நல்லதுதான்; வைத்தியரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஒலன்சபினுக்கும் இதே கதை.

கோயிலில் நூல் கட்டுகிறோம், ஓதிப் பார்க்கிறோம். அது பிழையா?

பிழை இல்லை. பத்திரகாளி அம்மனிடம் போய் அழுதுவிட்டு வரும் அம்மாவுக்கு அது பலம். மருந்தை நிறுத்து என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். சர்ப்பகந்தா சேர்ந்த கசாயம், சூரணம் தந்தால் வைத்தியரிடம் காட்டாமல் குடிக்க வேண்டாம். முயல் கதை ஞாபகம் இருக்கட்டும்.

கல்யாணம் பேசுகிறோம். பிள்ளை பெறலாமா?

பெறலாம். முன்கூட்டித் திட்டமிட வேண்டும். மனநிலையைச் சீராக வைக்கத் தரும் சோடியம் வல்ப்புரோவேட் கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். ஆகவே கரு தங்கும் முன்னரே வைத்தியரிடம் சொல்லி மாற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து குளிசையை ஒளித்து, பிறகு நிறுத்தி, கல்யாணத்துக்குப் பிறகு நோய் திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது எல்லாவற்றையும் விடக் கொடுமை.

விறைப்புக்கு வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

சரி, இனி என் பக்கத்து வேலை.

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, ஆள் ஏன் அசையவில்லை என்பது. நான்கு காரணம் இருக்கலாம், நான்கும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். மருந்தின் விறைப்பாக இருக்கலாம். மருந்தின் தூக்கமாக இருக்கலாம். நோயே ஆர்வத்தை உறிஞ்சியிருக்கலாம். இல்லாவிட்டால் எழுந்து செய்ய ஒரு வேலையும் இல்லாமல் இருக்கலாம். முழங்கையை மெல்ல மடக்கி நீட்டிப் பாருங்கள். பல்சக்கரம் கட்டிக் கட்டித் திரும்புவது போல் தட்டுப்பட்டால் அது மருந்தின் விறைப்பு. காலமை பத்து மணி வரை எழும்ப முடியாமல் பின்னேரம் தெளிவாக இருந்தால் அது தூக்கம். இரவுக் குளிசையை இன்னும் முந்திப் போடலாமா என்று கேட்க வேண்டும். விறைப்பை அப்படியே வைத்துக்கொண்டு பயிற்சி கொடுப்பது, நங்கூரம் எடுக்காமல் தண்டு வலிப்பது மாதிரி. மருந்தும் பயிற்சியும் சேர்ந்து திருந்த வேண்டும்.

அசைவைத் தானாக ஓட்டும் பகுதி மந்தமாகும்போது, கண்ணாலும் காதாலும் அதைத் தள்ளிவிடலாம். சீமெந்துத் தரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சோக்குக் கோடு போட்டு, கோட்டைத் தாண்டி நடக்கச் சொல்லுங்கள். சத்தமாக "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணட்டும். அடி உடனே நீளும், வீட்டார் ஆச்சரியப்படுவார்கள். கை வீசி நடக்க, இரண்டு கையிலும் சின்னத் தண்ணீர்ப் போத்தலைப் பிடிக்கக் கொடுப்பேன். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் வளைந்து திரும்பட்டும். விழுவது பெரும்பாலும் திரும்பும்போதுதான்.

டச்பே கடற்கரையில் பின்னேரம் நடக்கலாம், ஆனால் ஈர மணலில். உலர்ந்த மணல் கால் இழுபடுகிறவருக்குக் கடினம். தென்பு வந்த பிறகு கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் ஏற்றத்தை இலக்காக வைப்பேன். முதல் நாள் மான்கள் நிற்கும் இடம் வரை போதும். இருந்து எழும்பும்போது தலை சுற்றினால், கட்டிலில் ஒரு நிமிடம் இருந்து பிறகு நிற்கப் பழக்குங்கள். இந்த மருந்துகள் பல, நிற்கும்போது இரத்த அழுத்தத்தை இறக்கும்.

கூடும் உடல் நிறைக்கும் நடைதான் மருந்து. ஒலன்சபினும் குளோசபினும் பசியைக் கிளப்பி, சீனி வியாதியையும் கொண்டுவரும். மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி ஒரு நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வையுங்கள். முடிச்சு நகர்ந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கிளினிக்கில் மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது. எதைச் சொல்வது?

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள். எந்த மருந்து எந்தத் திகதியில் மாறியது. அதற்குப் பிறகு உடம்பில் என்ன மாறியது. வீட்டில் அவரால் செய்ய முடியாமல் போன ஒரு வேலை. "சுகமா?" என்று கேட்டால் "ஓம்" என்று எழும்பி வருவதுதான் நம் வழக்கம். "சட்டைப் பொத்தான் போட முடியவில்லை" என்று சொன்னால் வைத்தியர் நிமிர்ந்து பார்ப்பார்.

மாத ஊசி போடுகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: ஊசி மருந்து தசையிலிருந்து வாரக்கணக்கில் கசிந்து வருவதால், பக்க விளைவும் ஒரே நாளில் அடங்காது. அளவைக் குறைத்தாலும் பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் போகும். பொறுமையாக இருங்கள்.

எதற்கு உடனே ஓட வேண்டும்?

காய்ச்சல், உடம்பு பலகையாக விறைத்தல், குழப்பம், வியர்வை: இவை சேர்ந்து வந்தால் 1990ஐ அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள், அடுத்த குளிசையைக் கொடுக்க வேண்டாம். அரிது, ஆனால் உயிரை எடுக்கும். மூச்சு விட முடியாமல் தொண்டை இறுகினாலும் அப்படித்தான். லிதியத்துக்கும் குளோசபினுக்கும் மேலே சொன்ன அடையாளங்களும் அன்றே காட்ட வேண்டியவை. உயிரை மாய்க்கும் பேச்சு வந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம்.

மகன் திரும்பக் கடலுக்குப் போவானா?

உப்புவெளியிலிருந்து வரும் ஒரு தம்பியின் அம்மா கேட்டது இது. வந்த நாளில் அவனால் வலைக் கண்ணி ஒன்றைக்கூடப் பொத்த முடியவில்லை. ஊசியைப் பிடித்த விரல் நகரும் முன்னரே கை நடுங்கி, நூல் நழுவும். முன்னர் கதைத்துக்கொண்டே பொத்துகிறவனாம். வைத்தியர் மருந்தின் அளவைக் குறைத்தார், நேரத்தை மாற்றினார். நான் பெரிய கயிற்றில் முடிச்சுப் போடுவதில் தொடங்கி, மெல்ல மெல்ல நூலைச் சிறிதாக்கினேன்.

கடல் வேறு கணக்கு. குளோர்ப்புரோமசின் எடுப்பவரின் தோலை வெயில் சுட்டுவிடும், தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். இந்த மருந்துகள் பல, உடம்பு சூட்டைத் தணிக்கும் வேலையையும் மந்தமாக்கும். தூக்கம் தெளியாத கண்ணோடு படகில் ஏறக்கூடாது, முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அதுதான். சாராயம் கூடவே கூடாது. தனியே போகக்கூடாது. ஆடும் படகில் நிற்க, தரையில் நிற்பதை விட நல்ல சமநிலை வேண்டும். ஆகவே இப்போதைக்குக் கரைவலையில் கயிறு இழுக்கிறான், பின்னேரம் வலை பொத்துகிறான்.

போன வாரம் அந்த அம்மா பொலித்தீன் பையிலிருந்து ஒரு வலைத் துண்டை எடுத்து என் மேசையில் விரித்துக் காட்டினா. முடிச்சுகள் எல்லாம் ஒரே அளவு. பிறகு கேட்டா, கடலுக்கு எப்ப என்று. ஒரு காலில் பத்து விநாடி ஆடாமல் நிற்கட்டும், அதற்குப் பிறகு வைத்தியரிடம் சேர்ந்து போய்க் கேட்போம் என்றேன். இப்போது ஏழு விநாடி நிற்கிறான்.